கரிசல் மண், தெற்கு வெயில், உப்புத் தண்ணீர்: ஆண்டுக்கணக்கில் நிற்கும் மஞ்சள் பூச்செடிகள் எவை?

தெற்குவாசல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, கரிசல் பூமியில் எங்கள் வீடு இருக்கிறது. திண்ணைக்கும் தெருவுக்கும் இடையில் ஏறத்தாழ 40 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. முன்பு அங்கே நின்ற வேப்பமரம் போனபிறகு, காலையில் விழும் வெயில் பொழுது சாயும்வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் செண்டுமல்லி விதைத்துவிடுவோம். பொங்கல்வரை முற்றம் நிறைந்து பூக்கும். மாசி பிறந்ததும் காய்ந்துவிடும். அதற்குப்பின் ஏழு மாதங்கள் வெடித்த தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் விதைத்துப் பிடுங்குவதற்கு எனக்கும் வயதாகிவிட்டது. ஒருமுறை வைத்தால் பத்து ஆண்டுகளாவது நிற்கக்கூடிய, வெயிலுக்கு வாடாத, மஞ்சள் பூப் பூக்கிற செடிகளாக வைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் மஞ்சள் என்று கேட்டால், என் தாயாருக்கு வேறு நிறப் பூக்கள் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் விடை.

இடையூறுகள் மூன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தெருவில் திரியும் ஆடுகளைத் தடுக்கச் சுற்றுச்சுவர் இல்லை. விடுமுறைக்கு வரும் பேத்திக்கு நான்கு வயது. கையில் கிடைப்பதை வாயில் வைப்பாள்.

சென்ற ஆண்டு ஒரு நர்சரியில் ஆறு அலமாண்டா வாங்கி, இரண்டடிக் குழி எடுத்து, லாரியில் செம்மண் வரவழைத்துக் குழி நிறையப் போட்டு நட்டேன். கோடையில் ஒன்றுகூடச் சாகவில்லை. கார்த்திகை மழையில் மூன்று செத்துவிட்டன. எஞ்சியவற்றின் இலைகள் வெளுத்திருக்கின்றன. வெயிலில் பிழைத்த செடி மழையில் சாவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அதே நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுத்த கொடி மட்டும், யாரும் கவனிக்காமலே குளியலறை வாய்க்கால் ஓரத்தில் செழித்துப் படர்கிறது. அதையே முற்றம் முழுவதும் விட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்தாறு வாரங்கள் இருக்கின்றன. உங்கள் கருத்தைச் சொன்னால் அதற்குள் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

மேழி:

ஐயா, செடிப் பட்டியலுக்குப் போவதற்கு முன் அந்த மூன்று அலமாண்டாவின் சாவைப் பேசிவிடுவோம். அதை விளங்கிக்கொள்ளாமல் எதை வைத்தாலும் அடுத்த கார்த்திகையிலும் இதே கதைதான் நடக்கும்.

கரிசல் மண் நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரம் ஏறிய கரிசலுக்குள் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். செம்மண்ணில் அப்படியில்லை, ஊற்றிய உடனே உள்ளே போய்விடும். கரிசலுக்குள் குழி வெட்டி அதைச் செம்மண்ணால் நிரப்பினீர்கள் என்றால், நீங்கள் செய்தது உண்மையில் ஒரு தொட்டி கட்டிய வேலைதான். சுற்றிலும் பெய்கிற மழையெல்லாம் இளகலான அந்தக் குழிக்குள் வந்து சேர்கிறது. சேர்ந்த நீர் வெளியேற வழியில்லை. வேர்கள் காற்றில்லாமல் மூச்சுமுட்டி அழுகுகின்றன. கோடையில் நீங்கள் அளவாக ஊற்றியதால் அது வெளியே தெரியவில்லை. கரிசல் நாட்டில் செடிகள் வெயிலில் சாவதைவிட அடைமழையில் சாவதே மிகுதி என்பதைப் பருத்தி போட்ட எவரும் சொல்வார்கள்.

ஆகவே குழி வேண்டாம், மேடு போடுங்கள். அந்த இடத்து மண்ணையே கொத்தி, அதனுடன் நன்றாக மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்துக்கு, மூன்றடி அகலத்தில் நீண்ட மேட்டுப்பாத்திகளாக அணையுங்கள். செம்மண் மீதமிருந்தால் அதையும் பாத்தி முழுவதும் பரவும்படி கலக்கலாம். ஓரிடத்தில் மட்டும் கொட்டக் கூடாது. இரண்டு பாத்திகளுக்கு நடுவிலுள்ள வாய்க்கால் தெருப்பக்கம் சரிந்து வடியட்டும். செடியைப் பாத்தியின் உச்சியில் நடவேண்டும். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூடத் தண்டு புதையக் கூடாது.

இலை வெளுத்ததற்குக் காரணம் வேறு. நம் கரிசலில் சுண்ணாம்பு மிகுதி. உங்கள் கிணற்று நீரும் அதற்குத் துணைபோயிருக்கலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது வேர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவில் கட்டுண்டு கிடக்கும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, இளங்காலையிலோ மாலையிலோ இலை நனையும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். மண்ணில் போட்டால் அதுவும் கட்டுண்டுவிடும், காசுதான் வீண். ஆனால் ஒன்று சொல்வேன்: ஆண்டுதோறும் மருந்து தெளித்து அலமாண்டாவை இழுத்துக்கொண்டிருப்பதைவிட, இந்த மண்ணைத் தன் மண்ணாக நினைக்கும் செடியை வைப்பதே புத்திசாலித்தனம். அதற்கு உங்கள் ஊரைவிட்டு வெளியே போகவே வேண்டாம். பந்தல்குடிச் சாலையின் இருபுறத் தரிசிலும் நிற்கும் ஆவாரையைப் பாருங்கள்.

நித்யகல்யாணி:

மேழி ஐயா மண்ணைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மதுரையில் வீட்டோடு சிறிய அளவில் செடி வளர்த்து விற்பவள் என்ற முறையில், செடிகளைப் பற்றி மட்டும் என் பங்குக்குச் சொல்கிறேன்.

முழு வெயிலில், குறைந்த தண்ணீரில், ஆண்டில் பெரும்பகுதி மஞ்சளாக நிற்கும் செடி வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சொர்ணபட்டியைத்தான்; நர்சரிகளில் டெக்கோமா என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். கொத்துக் கொத்தாகக் குழல் வடிவப் பூக்கள் வரும். தேன்சிட்டுகள் அந்தச் செடியை விட்டுப் போகமாட்டா. வளரவிட்டால் பத்துப் பன்னிரண்டடி போய்விடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும்; வெட்ட வெட்டத்தான் பூக்கும்.

அடுத்தது பொன்னரளி. உப்புத் தண்ணீர், கரிசல், வெயில் எதற்கும் அசையாது. ஆடும் மாடும் கிட்டவே போகா. சிவனுக்கு ஏற்ற பூ என்பதால் உங்கள் தாயாரும் மகிழ்வார்கள். ஆனால் நான்கு வயதுக் குழந்தை வந்துபோகும் வீட்டில் நான் அதை வைக்கச் சொல்லமாட்டேன். பால், இலை, பூ எல்லாமே நஞ்சு என்றாலும், காய்க்குள் இருக்கும் கொட்டைதான் மிகக் கொடியது. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பச்சையாக, விளையாட்டுச் சாமான்போல் முக்கோண வடிவில் கீழே விழுந்துகிடக்கும் அந்தக் காயைக் குழந்தை எடுக்காமல் இருக்காது. பூவைப் பறித்துவிடுவோம், காயே விடாது என்று சிலர் சொல்வார்கள். எந்த வீட்டிலும் எல்லாப் பூவையும் யாரும் பறிப்பதில்லை.

முன்வரிசைக்கு டர்னேரா நன்றாக இருக்கும். ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை புதராக நிற்கும். காலை வெயில் ஏறியதும் விரிந்து, உச்சிக்குப்பின் மூடிக்கொள்ளும் மஞ்சள் பூ. மாலையில் விருந்தாளி வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது என்பதுதான் அதன் குறை. இதற்கு நேர்மாறாக, நம் ஊர்த் துத்தி பிற்பகலில்தான் விரியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முறை வைத்துப் பூக்கும். துத்திக்கு மாவுப்பூச்சி வருவதுண்டு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து அடித்தால் அடங்கிவிடும்.

ஆடுகளுக்குத் தெருவோரமாகச் செம்முள்ளி வையுங்கள். சுவர் கட்டும் செலவு மிச்சமாகும். இலைக்கணுவில் ஊசிபோல முள் இருக்கும். கனகாம்பரம் போன்ற வடிவில், காவி படர்ந்த மஞ்சள் நிறத்தில் பூக்கும். மழைக்காலத்தில் குச்சியை ஒடித்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். அலமாண்டாவில் மூன்று பிழைத்திருக்கின்றன அல்லவா, அவற்றை எடுத்துப் பெரிய தொட்டிகளில் வைத்து, நல்ல தண்ணீரை அவற்றுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஆவாரை பயறு வகைக் குடும்பம் என்பதால், அதை வைத்தால் மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேரும்.

முள்வேலி:

இந்தக் கேள்வியில் என்னைத் துணுக்குற வைத்த பகுதி கடைசியில் இருக்கிறது: யாரும் கவனிக்காமலே செழிக்கும் அந்தக் கொடி.

தெற்குவாசல் ஐயா, உங்களுக்கு விற்கப்பட்டது பெரும்பாலும் மஞ்சள் கரிசலாங்கண்ணியாக இருக்காது. இலையைப் பறித்துப் பாருங்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின், அதாவது பொற்றலைக் கையாந்தகரையின், இலை நீண்டு, குறுகலாக, ஏறக்குறைய மழுக்கமான விளிம்புடன் இருக்கும். உங்களுடையது பளபளப்பாக, தடித்து, பக்கத்துக்கு ஒன்றாகக் காது பிரிந்து மூன்று மடலாகத் தெரிந்தால், அது வெடேலியா. மத்திய அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் தோன்றிய செடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரு துண்டு விழுந்த இடத்தில் புதிதாக முளைத்து, வாய்க்கால் வழியே அடுத்த வயலுக்குப் போய்விடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு. நம் காடுகளைப் பாழாக்கிய உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டும் அழகுச்செடிகள் என்ற பெயரில்தான் ஊர் ஊராகப் போயின. மூலிகை என்று நம்பிக் கீரையாகக் கடைந்துவிடவும் வேண்டாம்.

நித்யகல்யாணி அம்மையாரோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. சொர்ணபட்டியும் அமெரிக்கச் செடியே. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது தோட்டத்தை விட்டுத் தப்பிக் களையாகியிருக்கிறது. அதன் காய் முருங்கைப் பிஞ்சைப் போலத் தொங்கும். வெடித்தால் உள்ளே தாள்போன்ற சிறகுள்ள விதைகள் நூற்றுக்கணக்கில் காற்றில் போகும். உங்கள் முற்றத்தில் வைத்த செடி உங்கள் முற்றத்திலேயே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்தையும் வறட்சியைத் தாங்கும், விறகாகும் என்ற பெருமைக்காகத்தானே கொண்டுவந்தார்கள்? ஒரு செடி எதையும் தாங்கும் என்று எவரேனும் சொன்னால், அதைத் தாங்கிக்கொள்ள நம் மண்ணால் முடியுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போய்வந்தவர்கள் மஞ்சள் கொன்றையைப் பார்த்திருப்பார்கள். அழகுக்கும் நிழலுக்கும் வைத்த அந்த மரத்தைக் காட்டிலிருந்து அகற்ற இன்று வனத்துறை பெருஞ்செலவு செய்துகொண்டிருக்கிறது. நம் சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். நாற்று வாங்கும்போது பெயரை வைத்து ஏமாறக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் பரிந்துரை குறுகியது. ஆவாரை, செம்முள்ளி, துத்தி இந்த மூன்றையும் வையுங்கள். பொறுமை இருந்தால், மஞ்சள் பூப் பூக்கும் சிறு மரமான செருந்தி ஒன்றும் வைக்கலாம். கடைசியில் சொன்னது மிக மெதுவாக வளரும். நாற்று கிடைப்பதும் அரிது.

தெற்குவாசல்:

இலையைப் பறித்துப் பார்த்தேன். மூன்று மடல்தான். நேற்று மாலையே வேருடன் பிடுங்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் பாதிதான் முடிந்தது. பிடுங்கியதை வாய்க்கால் கரையில் போட்டால் மறுபடி முளைக்குமோ என்ற அச்சத்தில், சிமெண்ட் தளத்தில் பரப்பி வெயிலில் காயவைத்திருக்கிறேன். அது சரிதானா?

ஆவாரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முதல்நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவதற்காகத் தரிசில் போய் ஒடித்து வருகிற செடியை, வீட்டு முன்னால் நான் விலைகொடுத்து வைத்ததாக என் தாயார் அறிந்தால் சிரிப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். கேட்டபோது அவர்கள் சிரிக்கவில்லை. தம் சிறுவயதில் தோல் பதனிடுவோருக்காக ஆவாரம்பட்டையை உரித்துக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி அனுப்பியதையும், உப்புப் பிடித்த வயலுக்கு ஆவாரந்தழையை மிதித்துவிட்டதையும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது.

ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலையோரத்தில் முழங்கால் உயரச் செடிகள் நான்கைத் தோண்டிக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தேன். நான்கும் ஒரே வாரத்தில் பட்டுப்போயின. தரிசில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்வது, தண்ணீர் ஊற்றிய என் கையில் செத்தது. இதற்கு என்ன செய்வது?

மேழி:

கொடியைத் தளத்தில் காயவைத்தது மிகச் சரி. சருகாக நொறுங்கும்வரை விட்டு எரித்துவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். விடுபட்ட கணுக்கள் மழைக்குப்பின் தலைகாட்டும். அப்போது மறுபடி ஒருமுறை பிடுங்க வேண்டியிருக்கும்.

ஆவாரை பட்டுப்போனதற்குக் காரணம் அதன் ஆணிவேர். மேலே முழங்கால் உயரம் நின்றால், கீழே அதைவிட ஆழமாக வேர் போயிருக்கும். தோண்டும்போது அந்த வேரை அறுத்துவிட்டுப் பக்கத்து மண்ணோடு எடுத்து வருகிறோம். அறுந்த ஆணிவேர் மறுபடி எளிதில் வராது. தண்ணீர் உறிஞ்சும் உறுப்பே இல்லாத செடிக்கு எத்தனை குடம் ஊற்றி என்ன பயன்? ஆவாரையை இடம் மாற்றக் கூடாது. நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும். பையில் வளர்த்த நாற்றுத்தான் வேண்டுமென்றால், ஒரு சாணுக்கும் குறைவான இளங்கன்றாக, வேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளாததாகப் பார்த்து வாங்குங்கள்.

விதைக்குக் காசு வேண்டாம். பழுப்பாகிக் காகிதம்போல் தட்டையாகத் தொங்கும் முற்றிய நெற்றுகளைத் தரிசில் பறித்து வாருங்கள். வண்டு துளைக்காத விதைகளாகப் பொறுக்குங்கள். மூன்றில் ஒன்று துளைபட்டிருந்தாலும் வியப்பில்லை. விதையின் தோல் கல்போல் கெட்டி. அப்படியே போட்டால் சில விதைகள் இந்த மழைக்கும், சில அடுத்த ஆண்டு மழைக்கும் முளைக்கும். வறண்ட நிலத்தில் பிழைக்க அது செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. நமக்கு அந்தப் பொறுமை இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையின்மேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, உப்பாதவற்றுக்கு மறுபடி சுடுநீர் ஊற்றுங்கள். அதற்கும் அசையாத விதையைச் சொரசொரப்பான தரையில் ஒரு பக்கம் தேய்த்தால் போதும்.

முதல் நல்ல மழை பெய்து பாத்தி நனைந்தபின், நான்கடிக்கு ஓரிடமாக, இடத்துக்கு நான்கு விதை வீதம் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் திடமான ஒன்றை விட்டுவிட்டு, மற்றவற்றைப் பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் விட்ட செடியின் வேரும் அசையும். தைப் பொங்கலுக்குள் அவற்றின் வேர் தன் வழியைப் பார்த்துக்கொண்டுவிடும்.

முதல் கோடையில் மட்டும் தண்ணீர் வேண்டும், நாள்தோறும் வேண்டாம். வாரம் ஒருமுறை வருகிற நல்ல தண்ணீரில் செடிக்கு ஒரு குடம், மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். நாள்தோறும் தெளித்தால் வேர் மேலாகவே சுற்றும். ஆழ ஊற்றி ஆறப்போட்டால் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். உப்பு நீர் மண்ணின் மேல்மட்டத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதற்கும் அன்றாடம் சிறுகச் சிறுக ஊற்றுவதே பெரிய காரணம். சோளத்தட்டை, கடலைத்தோல், பனையோலை என எது கிடைத்தாலும் பாத்தியின்மேல் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள். மூடாக்கு இருந்தால் கரிசல் வெடிப்பதும் குறையும். வெடிப்பு விழும்போது அது வேரையும் சேர்த்தே அறுக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் ஆண்டிலிருந்து நீங்கள் அதை மறந்துவிடலாம்.

தேன்சிட்டு:

இடையே ஒரு திருத்தம். பயறு வகையைச் சேர்ந்தது என்பதால் ஆவாரை மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று நித்யகல்யாணி அம்மையார் சொன்னது பொதுவாக நம்பப்படுகிற ஒன்றுதான். ஆனால் ஆவாரை சேர்ந்த சென்னா இனத்துச் செடிகளின் வேரில், அவரைக்கும் உளுந்துக்கும் இருப்பதுபோன்ற முடிச்சுகள் உண்டாவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை அவை பிடிப்பதில்லை. அதன் தழையை வெட்டி மண்ணில் இட்டால் பசுந்தழை உரமாகும். தெற்குவாசல் ஐயாவின் தாயார் சொன்னது அதைத்தான். நின்றபடியே அது மண்ணுக்கு எதையும் கொடுப்பதில்லை.

வேறொன்றைக் கொடுக்கிறது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. அந்த மகரந்தமும், மற்றப் பூக்களில்போல வெளியே தூவி நிற்காமல், நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள குழல்போன்ற பைகளுக்குள் இருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடல் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரமும், பூவைப் பிடித்தபின் எழும் கீச்சென்ற உயர்ந்த ஓசையும் வேறுவேறானவை என்பதை, காலை ஏழெட்டு மணிக்குச் செடியருகே நின்றால் காதாலேயே அறியலாம். நம் கொம்புத்தேனீக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது. கருவண்டு சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொள்ளும். பேத்திக்குக் காட்டுங்கள்.

மழைக்குப்பின் இலைகளில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து அடிக்க வேண்டாம். வெளிறிய நிறத்தில், கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அவை. ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டுக் கூடாகிவிடும். செடி மறுபடி தளிர்த்துவிடும்.

நித்யகல்யாணி:

திருத்தத்துக்கு நன்றி, இத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முள்வேலி அவர்களின் கவலையையும் மறுக்கமாட்டேன். ஆயினும், ஆவாரை இடுப்பளவு வருவதற்குள் இரண்டு கோடைகள் போய்விடும். அதுவரை அந்த 40 அடியும் வெறுமையாகக் கிடக்கும். அம்மாவின் கண்ணுக்கு ஏதாவது வேண்டுமல்லவா? ஆகவே ஒரு நடுவழி சொல்கிறேன். வாசலுக்கு நேரே, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரே ஒரு சொர்ணபட்டி மட்டும் வையுங்கள். காய் பச்சையாகத் தொங்கும்போதே அதைக் கத்தரித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. காய் பிடிக்காவிட்டால் பூவும் கூடுதலாக வரும். வேலியோரத்திலோ கொல்லையிலோ வைத்தால் மறந்துவிடுவீர்கள், அதனால்தான் வாசலைச் சொல்கிறேன். ஆவாரை நிறைந்தபின் வேண்டாமென்று தோன்றினால் வெட்டிவிடலாம்.

டர்னேராவும் விதை உதிர்ந்து தானே முளைக்கும். எறும்புகள் அந்த விதையை இழுத்துக்கொண்டுபோய் அங்கங்கே போட்டுவிடும். ஆகவே முள்வேலி அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வாய்க்காலில் முளைப்பதை அவ்வப்போது கொத்திவிடுங்கள், இல்லையேல் அதை விட்டுவிட்டுத் துத்தியோடு நின்றுகொள்ளுங்கள்.

கவாத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆவாரையின் பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். நுனி எத்தனையோ பூவும் அத்தனை. ஆகவே கன்று ஒன்றரை அடி ஆனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அது நான்காகக் கிளைக்கும். அவையும் ஒரு முழம் ஆனதும் மறுபடி கிள்ளுங்கள். இப்படிச் செய்யாத செடி தரிசில் நிற்பதுபோலக் குச்சி குச்சியாகத்தான் நிற்கும். செய்த செடி, நர்சரியில் விலைகொடுத்து வாங்கியதோ என்று கேட்கும்படி குடைபோல வரும். இரண்டாம் ஆண்டிலிருந்து, பூ ஓய்ந்ததும் மாசிக் கடைசியில், மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். நடுக்கோடையில் வெட்ட வேண்டாம். வெட்டிய தழையை அந்தப் பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

செம்முள்ளிக் குச்சி வேண்டுமானால், எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலி முழுவதும் இருக்கிறது. அவர்கள் எப்படியும் மழைக்கு முன் வெட்டி எறியத்தான் போகிறார்கள். புரட்டாசி கடைசியில் மதுரைப் பக்கம் வரும் வேலை இருந்தால் சொல்லுங்கள், ஒரு கட்டு எடுத்துவைக்கிறேன். நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுபோனால் இரண்டு நாள் தாங்கும்.

தெற்குவாசல்:

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அழகர்கோயிலுக்கு வருகிறோம் அம்மா, அப்படியே வந்து வாங்கிக்கொள்கிறேன். 40 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி என்றால் இருபத்தேழு குச்சிகள் ஆகின்றன. பட்டுப்போவதற்கும் சேர்த்து நாற்பதாக எடுத்துவைக்க முடியுமா? மேழி ஐயா, பாத்தி அணைக்க நாளைக் காலையில் இரண்டு ஆட்கள் வருகிறார்கள். அந்தச் செம்மண் குழிகள் ஆறையும் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மேழி:

குழியிலுள்ள செம்மண்ணை முழுவதும் வாரி வெளியே எடுத்துப் பாத்தி நெடுகப் பரப்புங்கள். அலமாண்டா மூன்றையும் அதற்கு முன்பே வேரடி மண் உடையாமல் எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். குழியைக் கரிசலால் நிரப்பி, தண்ணீர் விட்டு ஒருநாள் அமரவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இல்லையேல் மழையில் அந்த இடம் மட்டும் உள்வாங்கும். ஆட்கள் எட்டு மணிக்குள் வந்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.